சொட்டுச் செய்தி

உலகத்தின் எந்த மூலையில் குவாண்டம் தகவலியலில் ஒரு இடம் வெறுமையானாலும் அது சுதர்சினிக்குத் தெரிந்திருக்கும். ஒட்டுசுட்டானில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கமலாட்சி கோயிலுக்குப் போன கையோடு விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கைபேசியில் எழுதத் தொடங்குவாள். எந்த நாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், எங்கே கோடைகாலப் பயிற்சி நடக்கிறது, யாருடைய ஆய்வில் புதிதாக என்ன வந்திருக்கிறது, பத்திரிகைக்காரர் ஊதிப் பெருப்பித்த புழுகு எது என்று எல்லாவற்றையும் தமிழில் சுருக்கி ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள்.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்தபோது அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு பயிற்சி வெளிநாட்டில் நடந்தது. அது நடந்து முடிந்த பிறகுதான் அவள் கேள்விப்பட்டாள். சொல்ல ஆளிருக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு ஆசிரியர் நியமனம் வந்தது. அப்பா பொன்னையாவுக்கு முதுகில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வருடங்கள் போயின. தனக்குத் தவறியது இன்னொருவருக்குத் தவறக்கூடாது என்றுதான் குழுவைத் தொடங்கினாள். நான்கைந்து பேர் அந்தச் செய்திகளைப் பிடித்துக்கொண்டு நோர்வே, சிங்கப்பூர் என்று போயும்விட்டார்கள். அவர்களில் ஒருவரையும் அவள் நேரில் கண்டதில்லை.

குழுவுக்குச் 'சொட்டு' என்று பெயர். பழைய பாடநூல்களில் குவாண்டத்துக்குச் 'சத்திச்சொட்டு' என்று போட்டிருக்கும். சத்தி, அதாவது ஆற்றல், தொடர்ந்து ஒழுகாமல் சொட்டுச் சொட்டாக வருகிறது என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது என்பது அவள் எண்ணம். அந்தப் பெயரால் ஒரு வில்லங்கம் வரும் என்று அவள் நினைக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"சொட்டுக் குழு நடத்திற ரீச்சரோ?"

"ஓம். நீங்கள் ஆர் கதைக்கிறது?"

"நான் முள்ளியவளையில இருந்து கனகலிங்கம். குழுவில சேர்ந்து கனகாலமாச்சு. ஒண்டு கேக்கோணும், குறை நினையாதேங்கோ. மிளகாய்த் தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட யோசிச்சிருக்கிறன். நீங்கள் கனடா, ஒஸ்ரேலியா எண்டெல்லாம் போடுறியள். இஞ்ச கிட்டடியில குழாய் எங்க எடுக்கலாம் எண்டு ஒருநாளும் போடுறியள் இல்லை."

சுதர்சினிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

"அங்கிள், இது அந்தச் சொட்டு இல்லை."

"அப்ப எந்தச் சொட்டு?"

அணு, ஒளி, அவற்றைக் கொண்டு கணக்குப் பார்க்கிற புதிய கணினி என்று தன்னால் முடிந்தவரை சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நான் குழுவை விட்டிட்டுப் போகவோ?"

"உங்கட விருப்பம் அங்கிள்."

"போகேலாது போல கிடக்கு. என்ர மகள் இதைத்தான் ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறாள். போனைத் தாறாளே இல்லை. பிள்ளைக்குத் தோட்டத்தில அக்கறை வந்திட்டுதெண்டு நானும் சந்தோசப்பட்டுக்கொண்டெல்லோ இருந்தனான்." அவர் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக் கூப்பிடுவது கேட்டது. "யது, இஞ்ச வா. ரீச்சரோட கதை."

யதுர்ஷிகா கணிதத்தில் சிறப்புப் பட்டம் முடித்தவள். மற்றப் பட்டதாரிகளைப்போல அரச நியமனத்துக்குக் காத்துக்கொண்டு வீட்டிலிருந்தாள். சுகநலம் விசாரிக்காமல் நேராக விசயத்துக்கு வந்தாள்.

"அக்கா, போன கிழமை பிழைதிருத்தம் பற்றி எழுதினனீங்கள். அந்தக் கணினி தகவலை வைச்சிருக்கிற கியூபிட்டைப் பார்த்தா தகவல் அழிஞ்சுபோகும் எண்டும் சொல்லுறியள். பாக்காமல் பிழையை எப்பிடிப் பிடிக்கிறது?"

சுதர்சினி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"ஒரு வகுப்பு எண்டு நினையும். எல்லாருக்கும் ஒரே புள்ளிதான் இருக்கவேணும், ஆனா அது எத்தினை எண்டு நான் கேக்கக் கூடாது. பக்கத்தில பக்கத்தில இருக்கிற ரெண்டு பேரிட்ட, உங்களுக்கு ஒரே புள்ளியோ வேற வேறயோ எண்டு மட்டும் கேக்கலாம். எங்க 'வேற' எண்டு மறுமொழி வருதோ அங்க ஆரோ ஒருவருக்குப் பிழைச்சிட்டுது. திருத்திப்போடலாம். புள்ளி எத்தினை எண்டு கடைசிவரைக்கும் எனக்குத் தெரியாது."

"அப்ப பக்கத்தில பக்கத்தில ரெண்டு பேருக்கும் சேர்ந்து பிழைச்சா? அவை ரெண்டு பேரும் 'ஒரே புள்ளி' எண்டுதானே சொல்லுவினம்?"

குழு தொடங்கிய நாளிலிருந்து சுதர்சினிக்கு வந்ததெல்லாம் கும்பிடு போடுகிற கைகளும் உயர்த்திய பெருவிரல்களும்தான். ஒரு கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை.

"சனிக்கிழமை நான் அங்கால வரலாமோ?" என்று கேட்டாள்.

ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினால் முள்ளியவளையில் இறங்கலாம். முதல் சனிக்கிழமை யதுர்ஷிகாவின் தாய் ஜெகதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, சொந்த இடம் எது என்று கேட்டா. ஒட்டுசுட்டான் என்றாள் சுதர்சினி. "அதுக்கு முதல்?" என்றா. "அப்பாவின்ர ஆக்கள் மலையகத்தில பதுளைப் பக்கம். எழுபத்தேழுக் கலவரத்தோட இஞ்ச வந்தவை" என்று சுதர்சினி சொன்னாள். இந்தக் கேள்வி அவளுக்குப் பழகினது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த தங்கள் குடும்பத்தைப் பற்றி ஜெகதீஸ்வரி கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனா. யதுர்ஷிகா தலையைக் குனிந்துகொண்டு தாளில் வட்டங்கள் கீறிக்கொண்டிருந்தாள்.

நெதர்லாந்தில் இங்க்ரிட் என்கிற பேராசிரியையின் ஆய்வுக்குழு இணையத்தில் ஏற்றியிருந்த ஒரு கட்டுரையை இரண்டு பேரும் எடுத்துவைத்துக்கொண்டார்கள். கியூபிட்டுகளில் வருகிற பிழைகளை மிக விரைவாகக் கண்டுபிடித்துத் திருத்த ஒரு வழியை அவர்கள் சொல்லியிருந்தார்கள். கியூபிட்டுகளைக் கூட்டக் கூட்டத் தோல்வி குறைந்துகொண்டே போகும் என்று நிறுவியும் இருந்தார்கள். இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், உறைகுளிரில் வைக்கிற இயந்திரங்கள் வேண்டாம். தாளும் பென்சிலும், யதுர்ஷிகாவின் பழைய மடிக்கணினியும் போதும். ஒரு சனிக்கிழமை ஒரு வரியில் நின்றுவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் இரண்டு பேரில் ஒருத்திக்கு அந்த வரி திறந்திருக்கும். இப்படி மழைக்காலம் தொடங்குகிறவரை போனது.

பிறகு யதுர்ஷிகா அந்த உதாரணத்தைக் கண்டுபிடித்தாள். பிழைகள் அடுத்தடுத்த சோடிகளாக ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் வந்தால் அந்த வழி ஏமாந்துபோகிறது. சரியான இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைத் 'திருத்தி' எல்லாவற்றையும் கெடுக்கிறது. கியூபிட்டுகளை எவ்வளவு கூட்டினாலும் அதே கதைதான்.

"இன்னொருக்காப் பாப்பம் அக்கா. பொறுங்கோ" என்றாள் யதுர்ஷிகா.

சுதர்சினி பொறுக்கவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போதே அவளுக்குள் ஏதோ நுரைத்துப் பொங்கியது. இவ்வளவு காலமும் மற்றவர்கள் செய்ததையே செய்தியாக எழுதி வந்தவள். இப்போது செய்தி தன்னிடம் இருக்கிறது. பேராசிரியைக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மறுமொழிக்குக் காத்திராமல், 'நெதர்லாந்துக் கட்டுரையில் பிழை: வன்னியில் இருவர் கண்டுபிடித்தனர்' என்று தலைப்புப் போட்டு, இரண்டு பேருடைய பெயரையும் எழுதி, குழுவில் போட்டுவிட்டாள்.

அது குழுவோடு நிற்கவில்லை. யாரோ எடுத்து யாருக்கோ அனுப்ப, உள்ளூர்ச் செய்தித் தளமொன்று 'முல்லைத்தீவு யுவதிகள் உலக சாதனை' என்று எழுதிவிட்டது. முகநூலிலிருந்து யதுர்ஷிகாவின் பட்டமளிப்புப் படத்தையும் எடுத்துப் போட்டிருந்தது. ஜெகதீஸ்வரிக்கு ஊரெல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். கனகலிங்கம் தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

இங்க்ரிட்டின் மறுமொழி செவ்வாய்க்கிழமை வந்தது. மரியாதையான, சின்ன மறுமொழி. உங்கள் உதாரணம் சரி. ஆனால் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக வருகின்றன என்று எடுத்துக்கொண்டுதான் நாங்கள் நிறுவியிருக்கிறோம். அப்படி வரும்போது உங்கள் சோடிகள் மிகமிக அரிது. இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்.

சுதர்சினி இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். அது அங்கே இருந்தது. எத்தனையோ தடவை வாசித்துக் கடந்துபோன வரி.

யதுர்ஷிகாவுக்கு அழைத்துச் சொன்னாள். 

"நான் பொறுங்கோ எண்டனான்" என்றாள் யதுர்ஷிகா.

"ஓம். சொன்னனீர்."

"என்ர பேரைப் போடமுன்னம் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். அம்மா இனி எப்பிடி வெளியில தலைகாட்டுறது?"

தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு சுதர்சினி எடுத்த அழைப்புகளுக்கு மறுமொழி இல்லை.

அன்றைக்கே அவள் குழுவில் எழுதினாள். கட்டுரை சரி, நாங்கள் சொன்னதுதான் பிழை, அவசரப்பட்டது யதுர்ஷிகா இல்லை, நான் என்று எழுதி, எங்கே தவறினோம் என்பதைப் படிப்படியாக விளக்கினாள். செய்தித் தளத்துக்கும் அறிவித்தாள். அவர்கள் கண்டுகொள்ளவில்லை. குழுவிலிருந்து கொஞ்சப் பேர் விலகினார்கள். ஆசிரியர் அறையில் ஒருவர், "என்ன ரீச்சர், நெதர்லாந்து என்னவாம்?" என்று பகிடியாகக் கேட்டார். மற்றவர்கள் சிரிக்காமல் கொப்பிகளைத் திருத்தினார்கள். அதுதான் அவளுக்குக் கூடுதலாகச் சுட்டது.

வீட்டில் பொன்னையா யானை வேலியைப் பார்த்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டே மகளின் முகத்தைப் பார்த்தார். "பிழைன்னு நீயே சொல்லிட்டேல்ல?" என்றார். சொல்லிவிட்டேன் என்று தலையாட்டினாள். "அப்புறம் என்னா. சோத்தப் போடு" என்றார். குழுவை மூடிவிடுகிற யோசனை அவளுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, பின்லாந்தில் ஒரு இடத்துக்கு விண்ணப்ப முடிவுநாள் கிட்டியிருந்ததால், அதை மட்டும் போட்டுவிட்டு மூடலாம் என்று நினைத்தாள். அதற்கடுத்த ஞாயிறும் ஏதோ ஒன்று கிட்டியிருந்தது.

மார்கழி விடுமுறைக்கு முதல் கிழமை, பள்ளிக்கூடம் விட்டு அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, படலைக்குப் பக்கத்தில் வேம்பின்கீழ் யதுர்ஷிகா நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"கோவம் போகேல்லை" என்றாள் யதுர்ஷிகா. "அது வேற, இது வேற. நீங்கள் அந்த இரண்டாம் பக்கத்தைப் பார்த்தனீங்கள்தானே. பிழை தனித்தனியா வரும் எண்டு அவை எடுத்துக்கொள்ளினம். உண்மையான இயந்திரத்தில அப்பிடித்தான் வருதோ?"

"எப்பவும் அப்பிடி இல்லை. ஒண்டின்ர சலனம் பக்கத்தில இருக்கிறதையும் தொடும்."

"அதுதான். எங்கட தோட்டத்தில மிளகாய்க் கண்டு ஒண்டுக்கு இலை சுருண்டா தனிய அதோட நிக்கிறேல்லை, பக்கத்துக் கண்டுக்கும் தாவும். நான் இந்தக் கிழமை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். அவையின்ர கட்டுரை பிழை இல்லை. எங்கட உதாரணமும் பிழை இல்லை. நாங்கள் அவையிட்ட கேட்ட கேள்விதான் பிழை. பிழைகள் சோடியா வந்தா அந்த வழியை எப்பிடி மாத்தவேணும் எண்டெல்லோ கேட்டிருக்க வேணும்."

சுதர்சினி சைக்கிளைப் பிடித்தபடியே நின்றாள். மழை இரண்டு பேருக்கும் நடுவில் பெய்தது.

"யது, நான் செய்தது..."

"அதைப் பிறகு கதைப்பம். எனக்கு நாலரை பஸ்ஸைப் பிடிக்கோணும். இதைப் பாருங்கோ."

சட்டைப்பையிலிருந்து எடுத்த தாள் நனைந்திருந்தது. அடுத்தடுத்த இரண்டு கியூபிட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு ஆளாகவே எண்ணினால், கேட்கிற கேள்விகளின் ஒழுங்கை மாற்றினால், அந்த ஏமாற்றுச் சோடி வெளியே தெரிந்துவிடுகிறது. சின்ன அளவில் அது வேலை செய்தது. பெரிய அளவில் வேலை செய்யுமா என்பதுதான் தெரியாது. அன்றைக்கு யதுர்ஷிகா நாலரை பஸ்ஸை விட்டுவிட்டாள்.

அந்த வேலை நெல் வெட்டி முடித்த பிறகும் இழுத்துக்கொண்டு போனது. சனிக்கிழமைகள் போதவில்லை. விடுமுறை நாட்களும் போயின. பெரிய அளவில், சோடிப் பிழைகள் ஒரு எல்லையைத் தாண்டாதவரைக்கும்தான் வேலை செய்தது. எல்லை எங்கே இருக்கிறது என்று சுதர்சினி கணித்தாள். ஏன் அங்கே இருக்கிறது என்று யதுர்ஷிகா நிறுவினாள். இடையில் ஒருதரம் எல்லாம் உடைந்தது. ஒரு குறி மாறியிருந்தது, அவ்வளவுதான், ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் போனது. ஜெகதீஸ்வரி இப்போது தேத்தண்ணியோடு நிறுத்துவதில்லை. சுதர்சினிக்குக் கணவாய்க் கறி பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு சனிக்கிழமைகளில் அதைத் தேடி வாங்குவிப்பா.

இந்தத் தடவை குழுவில் ஒரு சொல் வரவில்லை. கட்டுரையை ஆங்கிலத்தில் சுதர்சினி எழுதினாள். யதுர்ஷிகா ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டாள். முதலில் இங்க்ரிட்டுக்கே அனுப்பினார்கள். மறுமொழியாக ஒன்பது கேள்விகள் வந்தன. எட்டுக்கு மறுமொழி எழுதினார்கள். பிழைகள் சோடியாக இல்லாமல் கூட்டம் கூட்டமாக வந்தால் என்ன செய்வது என்ற ஒன்பதாவதுக்கு, 'எங்களுக்குத் தெரியாது' என்று எழுதினார்கள். பிறகு, எங்கள் குழுவுக்கு இணையவழியில் ஒரு விளக்கவுரை தர முடியுமா என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது.

விளக்கவுரை முள்ளியவளை வீட்டில், பின்னேரம் நடந்தது. கனகலிங்கம் சத்தம் வரும் என்று தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தை நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்குப் போய் நாயையும் பிடித்துக் கட்டச் சொன்னார். பிறகு வாசல் கடப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களையெல்லாம் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். சுதர்சினிதான் பேசுவது என்று ஒழுங்கு. யதுர்ஷிகாவுக்கு ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சம். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளில் பத்துப் பன்னிரண்டு முகங்கள். சுதர்சினி தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள்.

ஒரு தாடிக்கார இளைஞன் கேள்வி கேட்டான். எல்லை ஏன் அங்கே இருக்கிறது, இன்னும் தள்ளிப்போக முடியாதா என்று. அது யதுர்ஷிகாவின் பகுதி. சுதர்சினி மறுமொழி சொல்ல வாயெடுத்தாள். யதுர்ஷிகா அவள் கையில் தன் கையை வைத்தாள்.

யதுர்ஷிகாவின் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம். வினைச்சொற்கள் காலம் தப்பி வந்தன. ஆனால் அவள் கறுப்புப் பலகையைத் திரைக்கு நேரே இழுத்துவைத்து வட்டங்களைக் கீறி, எந்தெந்த இரண்டு ஒன்றாகச் சேரும், எந்த இடத்தில் இரண்டு விதமாகவும் சேரலாம் என்று காட்டினாள். இரண்டு விதமாகவும் சேர முடிகிற இடத்தில் யாராலும் முடிவுசெய்ய முடியாது, அதனால்தான் எல்லை என்றாள். இங்க்ரிட் கொஞ்சம் நிற்கச் சொன்னா. தான் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னா.

முடிந்தபோது யதுர்ஷிகாவின் கையெல்லாம் வெண்கட்டித் தூள். "நான் சொன்னது விளங்கியிருக்குமோ?" என்று கேட்டாள்.

"அந்தத் தாடிக்காரனுக்கு இண்டைக்கு நித்திரை வராது" என்றாள் சுதர்சினி.

சில வாரங்களில் இங்க்ரிட் எழுதினா. குழுவில் கலாநிதிப் பட்டத்துக்கு ஒரு இடம் திறக்கிறது. இரண்டு பேரும் விண்ணப்பியுங்கள். இரண்டு பேரும் விண்ணப்பித்தார்கள். இரண்டு பேருக்கும் நேர்முகம் நடந்தது. இடம் யதுர்ஷிகாவுக்குக் கிடைத்தது.

அந்தச் செய்தியை யதுர்ஷிகா முதலில் சொன்னது சுதர்சினிக்குத்தான், முள்ளியவளைச் சந்தியில், அவள் பஸ்ஸை விட்டு இறங்கியவுடனேயே. சொல்லிவிட்டு அழுதாள். சுதர்சினி அவளைக் கட்டிப்பிடித்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். திரும்பிப் போகிற பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தபோதுதான் தனக்குக் கிடைக்கவில்லை என்பது உறைத்தது. நோர்வேக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களுக்காக அவள் ஒருநாளும் வயிறெரிந்ததில்லை. அவர்களுக்கு முகம் இல்லை. இவளுக்கு முகம் இருக்கிறது. வெண்கட்டி பிடித்த விரல் இருக்கிறது. தன் கிராமம் வந்தது தெரியாமல் அடுத்த தரிப்பு வரை போய்விட்டாள். இறங்கி வெயிலில் நடந்து வந்தாள்.

இரண்டு நாளில் ஜெகதீஸ்வரி அழைத்தா. "பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. இவர் விடமாட்டன் எண்டு நிக்கிறார். யது சாப்பிடுறாள் இல்லை."

போகாமல் விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. போனாள்.

கனகலிங்கம் மிளகாய்ப் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சொட்டுநீர்க் குழாய்கள் அதற்குள் போட்டாயிற்று. அவள் வந்ததைக் கண்டும் எழும்பவில்லை.

"குமர்ப் பிள்ளையைத் தனிய ஒல்லாந்துக்கு அனுப்பச் சொல்லுறியளோ ரீச்சர்?"

"ஓம் அங்கிள்."

"நீங்களும் போறதெண்டா நான் ஒரு கதை கதையாமல் விட்டிடுவன். ரெண்டு பேரும் சேர்ந்துதானே செய்தனீங்கள்."

"எனக்குக் கிடைக்கேல்லை."

அவர் கையை நிறுத்தினார். அதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அவை ஆளை மாறி எடுத்திட்டினமோ?"

சுதர்சினியும் பாத்தியோரம் குந்தினாள். வரப்பில் ஒரு கொக்கு வந்து இறங்கியது.

"இல்லை அங்கிள். சரியான ஆளைத்தான் எடுத்திருக்கினம். நான் நல்லா எழுதுவன், நல்லாச் சொல்லுவன். இல்லாத ஒண்டை இருட்டுக்குள்ள கையை விட்டுத் துழாவி எடுக்கிறது யதுதான். நான் பக்கத்தில இருந்து பார்த்தனான். அப்பிடியொராளை இஞ்ச மறிச்சு வைச்சிருந்தா நியமனம் வரும், சம்பளம் வரும். அந்தக் கை சும்மா கிடக்கும்."

கனகலிங்கம் பிடுங்கிய களையை எல்லாம் ஒரு பக்கமாகச் சேர்த்தார். நெடுநேரம் எடுத்துச் சேர்த்தார்.

"அங்க சரியான குளிராமே" என்றார் கடைசியில்.

"ஓம். சட்டை வாங்கவேணும்."

"உங்களுக்குக் கவலை இல்லையோ பிள்ளை?" ரீச்சர் என்று சொல்லாமல் அவர் பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல்தடவை.

"இருக்கு" என்றாள். "கிடந்திட்டுப் போகட்டும்."

யதுர்ஷிகா ஆவணியில் போனாள். வழியனுப்ப வாகனம் பிடித்துக் கட்டுநாயக்காவுக்குப் போனவர்களில் சுதர்சினியும் ஒருத்தி. விமான நிலையத்தில் ஜெகதீஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. திரும்பி வரும்போதும் வவுனியா வரைக்கும் அவளுடைய தோளில்தான் சாய்ந்து தூங்கினா.

இங்க்ரிட் அடுத்த மாதம் சுதர்சினியோடு பேச வேண்டும் என்றா. நேர்முகத்தில் தவறியவளிடம் ஆறுதல் சொல்லப்போகிறா என்று நினைத்து அவள் தன்னைத் தயார்படுத்தி வைத்திருந்தாள். இங்க்ரிட் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நீங்கள் 'தெரியாது' என்று எழுதிய ஒன்பதாவது கேள்வியை யார் செய்யப்போகிறீர்கள் என்று கேட்டா. யதுவுக்கு இங்கே வேறு வேலை கொடுத்தாயிற்று; அதை நீங்கள் எடுங்கள்; உங்கள் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாகப் பதிந்தால் நான் இணை மேற்பார்வைக்கு வருகிறேன் என்றா.

இது இப்படி நடக்கலாம் என்று சுதர்சினி ஒருநாளும் யோசித்ததில்லை. ஆராய்ச்சி என்றால் புறப்பட்டுப் போகிற ஒன்று என்றே அவள் மனதில் கிடந்தது. அவள் எழுதிய செய்திகள் எல்லாம் விமானத்தில்தான் முடிந்தன. வவுனியாவில் விரிவுரையாளராக இருந்த சாரங்காவிடம் போய்க் கேட்டாள். சாரங்கா இரண்டு மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்கி வாசித்துவிட்டு, "எனக்கு இந்தப் பகுதி அரைவாசிதான் தெரியும். மிச்சத்தை நீங்கள் எனக்குச் சொல்லித்தரவேணும், அது சம்மதமெண்டா நான் மேற்பார்வை செய்யிறன்" என்றா. பதிவு தை மாதம் சரிவந்தது. பள்ளிக்கூட அதிபர் வாழ்த்துச் சொல்லி, நேரசூசியில் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளைகளை அவளுக்கு வகுப்பில்லாமல் விட்டுக்கொடுத்தார்.

ஒன்பதாவது கேள்வி தனி ஆளால் தூக்கக் கூடியதில்லை என்று இரண்டு மாதத்தில் விளங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் சுதர்சினி இப்படி எழுதினாள்: ஆய்வு வாய்ப்பு. துறை, குவாண்டம் பிழைதிருத்தம். இடம், ஒட்டுசுட்டான். சனிக்கிழமைகளில். கணிதத்தில் பயமில்லாதவர்களும், பிழை விட்டால் வெட்கப்படாமல் சொல்லக்கூடியவர்களும் தேவை. மத்தியானச் சாப்பாடு உண்டு.

ஐந்து பேர் விசாரித்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள். கிளிநொச்சியில் கணிதம் படிப்பிக்கிற மேனுகா பரந்தனில் ஏறி, பஸ் மாறி வந்தாள். வவுனியாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைசெய்கிற செந்தூரன் மோட்டார் சைக்கிளில் வந்து, வழியில் யானை நின்றதால் பிந்திவிட்டது என்று மன்னிப்புக் கேட்டான். பொன்னையா விறாந்தையில் பலகையை நிமிர்த்திவைத்துவிட்டு, வெயில் படாத பக்கமாகத் திருப்பினார். கமலாட்சி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து ஆட்களை எண்ணிவிட்டு அரிசி போட்டா.

பத்து மணிபோல யதுர்ஷிகா திரையில் வந்தாள். அங்கே இன்னும் சரியாக விடியவில்லை. கம்பளிச் சட்டைக்குள் தோள்வரை புதைந்திருந்தாள். புதியவர்கள் இரண்டு பேரையும் அறிமுகப்படுத்தி முடிக்குமுன்னமே, பலகையில் மூன்றாவது வரியில் ஏதோ சரியில்லை என்றாள். செந்தூரன் சரிதான் என்றான். மேனுகா எழும்பிப் போய் அந்த வரியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் எழுதினாள். அதுவும் சரிவரவில்லை. சுதர்சினி மேனுகாவின் கையிலிருந்து வெண்கட்டியை வாங்கி, இரண்டாவது வரியிலிருந்து தொடங்கினாள்.